85 உயிர், ஒரு தண்டனை – கடிதம்

அன்புள்ள ஐயா,

வட ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். புரொபேஷன் இன்னும் முடியவில்லை. எங்கள் வார்டில் ஒரு பெரியவர். அவருடைய மகள், நான் மாட்டும் ஒவ்வொரு மருந்தின் பெயரையும் கேட்டு ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்கிறார். எனக்கு அது அவமானமாக இருந்தது. நிறத்தைப் பார்த்துக் கேட்கிறாரோ என்றுகூட நினைத்தேன். உடன் வேலை செய்பவர்தான் சொன்னார்: "உன்னை மட்டுமில்லை, எல்லோரையும் கேட்பார். இது நீல்ஸ் ஹோகெல் வேலை பார்த்த வட்டாரம்."

அன்று இரவே அந்த வழக்கைத் தேடிப் படித்தேன். ஹோகெலும் ஒரு நர்ஸ்தான், தன் நோயாளிகளையே கொன்றவன். 85 கொலைகள், கிடைத்ததோ ஒரே ஓர் ஆயுள் தண்டனை. எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். மாமா முதல் தம்பி வரை எல்லோரும் "தூக்கில் போட வேண்டாமா" என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. 15 ஆண்டில் வெளியே வந்துவிடலாமாமே, இது என்ன நியாயம்?

கே.

அன்புள்ள கே.,

அந்த 15 ஆண்டுக் கதை பாதிதான் உண்மை. ஜெர்மனியில் ஆயுள் கைதியின் விடுதலையை 15 ஆண்டுக்குப் பிறகு பரிசீலிக்கலாம். ஆனால் குற்றம் குறிப்பாகக் கொடியது என்று நீதிமன்றம் பதிவு செய்துவிட்டால் அந்தக் கெடு பொருந்தாது. ஹோகெல் வழக்கில் அப்படிப் பதிவு செய்திருக்கிறார்கள். மரண தண்டனையை அந்நாடு 1949 அரசியல் சட்டத்திலேயே ஒழித்துவிட்டது. எந்தக் கைதிக்கும் வெளியே வரும் நம்பிக்கை கொஞ்சமாவது இருக்க வேண்டும் என்று 1977இல் அவர்களுடைய அரசியல் சட்ட நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அங்கே ஆயுள் தண்டனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் வழக்கம் கிடையாது. 85 கொலைக்கும் ஓர் ஆயுள்தான்.

அடுக்கிக் கொடுக்கும் நாடும் உண்டு. அமெரிக்காவின் நியூஜெர்சியில் சார்ல்ஸ் கல்லன் என்ற நர்ஸ் இதே வேலையைச் செய்தான். 2006இல் அவனுக்கு 11 ஆயுள் தண்டனைகள், ஒன்று முடிந்து மற்றொன்று. பரோலுக்கு மனு போடவே 397 ஆண்டுகள் ஆகும். அவனுடைய எள்ளுப்பேரன் போய் உட்கார்ந்தாலும் கழியாத தண்டனை. உங்கள் மாமாவுக்கு இந்த எண் பிடிக்கும். ஆனால் கைதியைப் பொறுத்தவரை 397 என்றாலும் ஒன்று என்றாலும் சாகும்வரை சிறைதான். மீதி ஆண்டுகளெல்லாம் வெளியே நிற்கும் நமக்காக எழுதப்பட்டவை. அந்தத் தேவையை நான் கேலி செய்யவில்லை. இறந்தவர் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு தண்டனை சொல்லிக் கேட்க வேண்டும் என்று அவர்களுடைய மனிதர்கள் நினைப்பதில் தப்பே இல்லை.

தூக்கு விஷயத்துக்கு வருகிறேன். ஹோகெல் ஒரே வழக்கில் மொத்தமாகப் பிடிபட்டவன் அல்ல. 2008இல் கொலை முயற்சிக்காக ஏழரை ஆண்டு. 2015இல் ஆயுள் தண்டனை. அதற்குப் பிறகுதான் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டி, எஞ்சிய உடல்களில் மருந்தின் தடயத்தைத் தேடி முடித்தார்கள். மூன்றாவது பெரிய வழக்கு 2018 அக்டோபரில் ஓல்டன்பர்கில் தொடங்கியது. நீதிமன்றக் கூடம் போதாமல் ஊரின் விழா அரங்கத்திலேயே நடத்தினார்கள். குற்றச்சாட்டு 100 கொலைகள். அவன் 43ஐ ஒப்புக்கொண்டான், 5ஐ மறுத்தான், மீதி 52க்கு நினைவில்லை என்றான். 2015இலேயே அவனைத் தூக்கில் போட்டிருந்தால் அந்த 43 குடும்பங்களுக்கு அதுவும் கிடைத்திருக்காது. கல்லன் வழக்கில் பேரமே இதை வைத்துத்தான்: யார் யாரைக் கொன்றேன் என்று சொல்ல ஒத்துழைத்தால் மரண தண்டனை கேட்க மாட்டோம் என்று அரசுத் தரப்பு எழுதிக் கொடுத்தது. கொலைகாரன் வாயை நம்பியா என்று கேட்பீர்கள். ஹோகெல் சரளமாகப் பொய் சொல்பவன்தான். அதனால் அவன் சொன்னதையும் ஆய்வக முடிவோடு ஒப்பிட்டுத்தான் நீதிமன்றம் எடுத்துக்கொண்டது.

2019 ஜூன் 6 அன்று தீர்ப்பு வந்தது. 85இல் குற்றவாளி, 15இல் விடுதலை. வாட்ஸப்பில் அந்த 85தான் சுற்றுகிறது, எனக்கோ அந்த 15ஐத் தாண்டிப் போக முடியவில்லை. கல்லறையைத் திறக்கச் சம்மதித்து, மாதக்கணக்கில் அரங்கத்தில் வந்து உட்கார்ந்து, கடைசியில் உங்கள் அப்பா விஷயத்தில் போதிய ஆதாரமில்லை என்று கேட்டுவிட்டு வீடு திரும்பிய பிள்ளைகள் இருக்கிறார்கள். எரியூட்டப்பட்ட நோயாளிகளின் குடும்பங்களுக்கு இந்த வரிசையில் இடமே இல்லை. தோண்டி எடுக்க எதுவும் மிஞ்சவில்லையே. இவர்களுக்கு எந்தத் தண்டனையைக் கூட்டிக் கொடுத்து ஆறுதல் சொல்வது? தீர்ப்பு வாசித்த நீதிபதியே சில சமயம் தான் மரணத்தின் கணக்குப்பிள்ளை போல உணர்ந்ததாகச் சொன்னார்.

தண்டனை போதாது என்ற கோபத்தோடு எனக்குள்ள பிணக்கு ஒன்றுதான். அது அந்த ஒருவனோடு நின்றுவிடுகிறது. அவன் செய்தது இது: இதயத் துடிப்பைக் குலைக்கும் மருந்தை, அஜ்மலின் போன்ற ஒன்றை, யாரும் எழுதிக் கொடுக்காமலேயே ஏற்றுவான். மானிட்டர் அலறும். முதல் ஆளாக ஓடிவந்து நெஞ்சை அழுத்துவான். பிழைத்தால் பெயர் அவனுக்கு. ராம்போ என்றே பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அவன் முதலில் வேலை பார்த்த ஓல்டன்பர்க் மருத்துவமனையில் இது கண்ணில் படாமல் போகவில்லை. எந்த மரணத்தின்போது யார் டூட்டியில் இருந்தார்கள் என்று 2001இல் கோடு போட்டுக் கணக்கெடுத்த பட்டியலே இருந்தது. அதில் அவன் பெயர்தான் துருத்திக்கொண்டு நின்றது. போலீசுக்கு யாரும் போகவில்லை. வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். பிறகு 2002இல், கவனமானவர், மனசாட்சியோடு வேலை செய்பவர் என்று நற்சான்றிதழ் எழுதிக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்து ஊரான டெல்மன்ஹோர்ஸ்டில் போய்ச் சேர்ந்தான். தீர்ப்பில் எண்ணப்பட்ட கொலைகளில் பெரும்பகுதி அங்கே நடந்தவை.

டெல்மன்ஹோர்ஸ்டில் 2005 ஜூன் 22 அன்று ஒரு நர்ஸ் ஐசியு அறைக்குள் போகிறார். நோயாளிக்கு ரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருக்கிறது, மருந்து போக வேண்டிய பம்ப் நிறுத்தப்பட்டிருக்கிறது, பக்கத்தில் ஹோகெல். அவர் கத்தி ரகளை செய்யவில்லை. ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். அஜ்மலின் இருந்தது. இத்தனை பெரிய வழக்கும் அந்த ஒரு குழாய் ரத்தத்தில்தான் தொடங்கியது. ஆனால் விஷயம் மேலே போன பிறகும் அவனை உடனே நிறுத்தவில்லை. விடுமுறைக்குப் போகத்தானே போகிறான் என்று ஷிப்டை முடிக்க விட்டார்கள். ஜூன் 24 அன்று இன்னொரு நோயாளியைக் கொன்றான்.

சாட்சிக் கூண்டில் ஏறிய பழைய சகாக்கள் பலருக்கும் நினைவு தப்பிப்போனது. நீதிபதி எரிச்சலடைந்து சிலரிடம் சத்தியப் பிரமாணமே வாங்கினார். தடுக்கத் தவறியதற்காக வழக்கைச் சந்தித்த ஏழு முன்னாள் மேலதிகாரிகளும் 2022இல் விடுதலையானார்கள். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம்; தெரிந்தே விட்டார்கள் என்று நிரூபிப்பது லேசல்ல. அந்தத் தீர்ப்புக்கு எந்தக் குடும்ப வாட்ஸப் குழுவும் கொதித்திருக்காது.

அதே 2022இல் அமெரிக்காவின் நாஷ்வில்லில் ரடோண்டா வாட் என்ற நர்ஸுக்குத் தண்டனை அறிவித்தார்கள். இவர் யாரையும் கொல்ல நினைத்தவர் அல்ல. 2017இல், நோயாளியை அமைதிப்படுத்தும் மருந்துக்குப் பதிலாக மருந்து அலமாரி இயந்திரத்திலிருந்து தசையை முடக்கும் வெக்குரோனியத்தை எடுத்துவிட்டார். இயந்திரம் காட்டிய எச்சரிக்கைகளைத் தாண்டிப் போனது அவர் தவறுதான், மன்னிக்கச் சொல்லவில்லை. 75 வயதுப் பெண்மணி இறந்துபோனார். தெரிந்த உடனே தானே போய்ச் சொன்னவர் வாட். அவர்மேல் அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றம் நிரூபணமாகி, மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தார்கள். சிறை இல்லை என்று கேட்டதும் நீதிமன்றத்துக்கு வெளியே நின்ற நர்ஸுகள் ஆரவாரம் செய்தார்கள், அழுதார்கள். அவர்கள் பயந்தது இதற்குத்தான்: சொன்னவளுக்குக் கைவிலங்கு என்றால் நாளைக்கு எவள் சொல்வாள்?

உங்கள் மாமாவிடம் இந்த இரண்டு வழக்கையும் பெயரில்லாமல் சொல்லிப் பாருங்கள். நர்ஸ் கையால் நோயாளி செத்தார் என்றால் இரண்டுக்கும் ஒரே பதில்தான் வரும் என்று நினைக்கிறேன்.

அந்த மகளின் நோட்டுக்கு முகம் சுளிக்காதீர்கள். மருந்தின் பெயரைச் சொல்லுங்கள், எதற்கு என்று சொல்லுங்கள், எழுத்துக்கூட்டிக்கூடக் கொடுங்கள். ஹோகெலின் நோயாளிகள் பக்கத்தில் இப்படி ஒருத்தி உட்கார்ந்திருந்தால் அவன் அந்தக் கட்டிலுக்கு வரவே யோசித்திருப்பான். நீங்கள் அஜ்மலின் மாட்டப்போவதில்லை, உங்களுக்கு என்ன?

இந்த வழக்குக்குப் பிறகு ஓல்டன்பர்க் இருக்கும் நீடர்சாக்சன் மாநிலம் தன் மருத்துவமனைச் சட்டத்தையே மாற்றியது. வார்டுக்கு வந்து எந்த மருந்து எவ்வளவு பயன்படுகிறது என்று பார்க்கும் மருந்தாளுநர், பெயர் சொல்லாமல் புகார் கொடுக்கும் வழி, இரண்டும் கட்டாயம். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குத் தெரிய வேண்டியது நடப்பு. அந்த மருந்தாளுநர் உங்கள் வார்டுப் பக்கம் வருகிறாரா? பெயரில்லாப் புகார் எங்கே போடுவது என்று சேர்ந்த அன்று யாராவது காட்டினார்களா? புரொபேஷன் முடியாத, விசா அந்த வேலையோடு கட்டப்பட்ட, ஜெர்மன் இன்னும் தடுமாறும் ஒரு புதியவர், 20 ஆண்டு சீனியரின் பம்ப் நின்றிருப்பதைப் பார்த்தால் ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவாரா? நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள்.