35ஆல் வகுத்துப் பாருங்கள் (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சோவியத் டாங்கியான டி-34இன் 1/35 அளவு மாடல் ஒன்றைச் செய்து முடித்திருக்கிறேன். 1942ஆம் ஆண்டு வகை. பெட்டியில் இருந்த தாளைப் பார்த்தே ஒட்டினேன், ஒரு பாகத்தையும் விடவில்லை. பச்சையும் அதில் சொன்ன பச்சைதான். அதன்மேல் துரு, பெயிண்ட் உரிந்த இடங்கள், சேறு எல்லாம் சேர்த்தேன். இருந்தும் அலமாரியில் வைத்துப் பார்த்தால் பொம்மையாகத்தான் தெரிகிறது. டிராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டை) சக்கரங்களைத் தொடாமல் விறைப்பாக நிற்கிறது. டரட் (பீரங்கியோடு சுழலும் மேல்கூடு) வழவழவென்று இருக்கிறது, அதைச் சொரசொரப்பாக்கலாமா? டரட்டில் ஒட்டிய எண்ணைச் சுற்றி வெள்ளையாகப் படலம் தெரிகிறது. எல்லாவற்றையும்விட வருத்தம் ஒன்று உண்டு. பெயிண்ட் கடையில் வாங்கிய டர்பன்டைனில் ஆயில் பெயிண்டைக் கரைத்து வாஷ் (இடுக்குகளில் தங்கி நிழல் காட்டும் நீர்த்த பெயிண்ட்) கொடுத்தேன். மறுநாள் இரண்டு சக்கரங்கள் அச்சோடு முறிந்து கிடந்தன. படங்களை இணைத்திருக்கிறேன். இதே கிட் இன்னொன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். எங்கே தவறுகிறேன்?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒட்டுவேலை சுத்தமாக இருக்கிறது. இணைப்புகளில் இடைவெளி இல்லை, பசை வழிந்த தடமும் இல்லை. இந்தக் கலையில் அதுதான் கைவரச் சிரமமானது, அது உங்களிடம் இருக்கிறது. மிச்சமெல்லாம் அளவு பற்றிய விஷயம். இரண்டாவது கிட்டைத் திறக்கும்போது பக்கத்தில் ஒரு கால்குலேட்டர் வைத்துக்கொள்ளுங்கள். நிஜ டாங்கியின் அளவு தெரிந்தால் 35ஆல் வகுங்கள். மாடலில் ஏதாவது உறுத்தினால் அதை அளந்து 35ஆல் பெருக்குங்கள். உங்கள் கேள்விகளில் பாதிக்கு அந்தக் கணக்கே பதில் சொல்லிவிடும்.

மட்கார்டிலிருந்து தொடங்கலாம். டி-34இன் முன்புற, பக்கவாட்டுக் கவசம் 45 மி.மீ. தடிமன். மாடலில் அது 1.3 மி.மீ. உங்கள் மாடலின் மட்கார்டு விளிம்பு படத்தில் கிட்டத்தட்ட 1 மி.மீ. இருக்கிறது. பெருக்கினால் 35 மி.மீ. மரத்தில் இடித்தாலே மடங்கிவிடுகிற மெல்லிய தகடு, குண்டைத் தாங்குகிற கவசத்துக்கு அருகில் வந்து நிற்கிறது. பொம்மைத் தோற்றத்துக்கு முதல் காரணம் இதுதான். முழு மட்கார்டையும் இழைக்க வேண்டியதில்லை, கண்ணுக்குத் தெரிவது விளிம்பு மட்டுமே. அடிப்பக்கத்தில் விளிம்பிலிருந்து 2, 3 மி.மீ. தூரத்துக்கு வளைந்த பிளேடால் சரிவாகச் சுரண்டி, விளிம்பை 0.3 மி.மீ. வரை கொண்டுவாருங்கள். பிளேடை வெட்டுகிற மாதிரிப் பிடிக்காமல் செங்குத்தாக நிறுத்தி இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் கடித்துக்கொள்ளும். கடைசியில் 600 எண் உப்புத்தாள். நசுங்கிய மட்கார்டு வேண்டுமென்றால் குளிர்பான டின்னின் தகடு போதும். ஏறக்குறைய 0.1 மி.மீ., நிஜ அளவில் 3.5 மி.மீ. கத்தரிக்கோலால் வெட்டலாம், விரலாலேயே நெளிக்கலாம், சூப்பர் க்ளூவில் ஒட்டும். உப்புத்தாளால் தேய்த்துவிட்டு பிரைமர் அடித்தால்தான் பெயிண்ட் நிற்கும்.

பீரங்கிக் குழாயும் அப்படித்தான். உள்விட்டம் 76.2 மி.மீ., வகுத்தால் 2.2. உங்கள் மாடலில் முனையில் சின்னப் பள்ளம் மட்டுமே இருக்கிறது. கத்தி முனையால் நடுவில் ஒரு புள்ளி குத்தி, கையால் திருகும் ட்ரில்லில் 1 மி.மீ., 1.5 மி.மீ., 2 மி.மீ. என்று படிப்படியாக ஏறுங்கள். நேராக 2 மி.மீ. பிட்டை வைத்தால் ஓட்டை ஓரத்துக்கு ஓடிவிடும், குழாயின் சுவர் ஒரு பக்கம் தடியாகவும் மறுபக்கம் தாளாகவும் நிற்கும். பின்னால் உள்ள இரண்டு புகைக்குழாய்களையும் இப்படியே குடைந்துவிடுங்கள். காலாட்படையினர் தொற்றிக்கொள்ளும் கைப்பிடிகளைக் கம்பியில் செய்யலாம்: 0.5 மி.மீ. செம்புக் கம்பி, நிஜ அளவில் 17.5 மி.மீ. எல்லாக் கைப்பிடிகளையும் ஒரே அகலமுள்ள ஒரு துண்டின்மேல் வைத்து வளைத்தால் அளவு மாறாது.

டரட்டைச் சொரசொரப்பாக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். எந்த ஆலையின் டரட் என்று தெரியாமல் கைவைக்காதீர்கள். டி-34 ஒரே அச்சில் வந்த வண்டி அல்ல. கார்கிவிலிருந்து 183ஆம் ஆலை 1941 கடைசியில் ஊரல் மலைப்பக்கம் நிஷ்னி தாகிலுக்குப் பெயர்ந்தது. ஸ்டாலின்கிராட் டிராக்டர் ஆலை போர் வாசலுக்கு வரும்வரை டாங்கி செய்தது. செல்யாபின்ஸ்க் நகர ஆலையும் 1942இல் சேர்ந்துகொண்டது. ஆலைக்கு ஆலை சக்கரம் வேறு, கவசத் தகடுகளைப் பூட்டிய விதம் வேறு, டரட்டும் வேறு. 1942இன் அறுகோண டரட் பெரும்பாலும் மண் அச்சில் வார்த்தது. ஆனால் ஊரல்மாஷ் ஆலை தகட்டைப் பெரிய அழுத்து எந்திரத்தில் வைத்து மொத்தமாக அழுத்தியும் அதே டரட்டைச் செய்தது. அழுத்தியதன் மூலைகள் உருண்டிருக்கும், சுவர் வழவழப்பாகவே இருக்கும். அதில் சொரசொரப்பு செய்தால் இந்த டாங்கியை அறிந்தவர் கண்ணுக்குத் தவறு உடனே படும்.

உங்கள் டரட்டின் மூலைகள் மடிப்பாக நிற்கின்றன, பக்கச் சுவரில் அச்சுப் பாதிகள் சேர்ந்த கோடும் இருக்கிறது. எனவே அது வார்ப்பு, சொரசொரப்பு வேண்டும்தான். கூரையைத் தவிர்த்துவிடுங்கள், அது உருட்டிய தகட்டை வைத்துப் பற்றவைத்தது. முதலில் கூரையை டேப்பால் மூடுங்கள். மிஸ்டர் சர்ஃபேசர் 500 என்ற கெட்டியான பிரைமரை, மயிரைக் குட்டையாக வெட்டிய முரட்டுத் தூரிகையில் தொட்டுச் செங்குத்தாகக் குத்துங்கள். ஒரு நேரத்தில் 2 செ.மீ. சதுரம் போதும். சீக்கிரம் காய்கிற சரக்கு, பாதி காய்ந்ததன்மேல் திரும்பக் குத்தினால் நூல் நூலாக இழுக்கும். ஒரு நாள் விட்டு 600 எண் உப்புத்தாளால் முகடுகளை மட்டும் தட்டையாக்குங்கள். கணக்கை இங்கேயும் மறக்க வேண்டாம். 0.1 மி.மீ. மேடு நிஜத்தில் 3.5 மி.மீ. அது போதும். அதற்குமேல் போனால் டரட் பலாப்பழமாகிவிடும். டாங்கியின் உடல் முழுக்க உருட்டிய தகடு, அங்கே சொரசொரப்பே கூடாது.

பற்றவைத்த தடங்களுக்கு ஸ்ப்ரூவை (கிட்டின் பாகங்கள் ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டம்) மெழுகுவத்தியில் காட்டி நூலாக இழுத்துக்கொள்ளுங்கள். இணைப்பில் அதை வைத்து மெல்லிய பசையைத் தடவி, இளகியதும் கத்தி முனையால் வரிசையாக அழுத்தினால் தடம் வந்துவிடும்.

சக்கரத்தில் ஒரு தவறு பார்த்தேன். விளிம்புகளுக்கெல்லாம் கறுப்பு ரப்பர் நிறம் கொடுத்திருக்கிறீர்கள். 1942இல் ரப்பர் பஞ்சம் கடுமையாக இருந்தது. ரப்பரை உள்ளே குடத்தருகே (சக்கரத்தின் நடுப்பகுதி) வைத்து, வெளி விளிம்பை எஃகாகவே விட்ட சக்கரங்கள் அப்போது வந்தன. முதலும் ஐந்தாவதும் ரப்பர் விளிம்பு, நடுவில் மூன்றும் எஃகு என்று கலந்து போட்ட வண்டிகளும் உண்டு. படத்தில் உள்ள உங்கள் சக்கரங்கள் எஃகு விளிம்புடையவை. டிராக்கோடு உரசுகிற பரப்பு தேய்ந்து பளபளக்கும். அங்கே கிராஃபைட் பொடியோ 4பி பென்சிலோ தேய்த்தால் சரியாக வரும்.

இனி டிராக். டி-34இன் மாடல் உயிர்பெறுவதும் சாவதும் இதில்தான், இதற்கு நேரம் செலவிட யோசிக்கவே யோசிக்காதீர்கள். அந்த வண்டிக்கு மேல் உருளைகள் கிடையாது. 830 மி.மீ. விட்டமுள்ள ஐந்து பெரிய சக்கரங்கள், ஓட்டும் பற்சக்கரம் பின்னால், இழுவையைச் சரிசெய்யும் சக்கரம் முன்னால். டிராக் வார்ப்பு எஃகு, கனமானது. மேலே போகும் பகுதி தன் பாரத்திலேயே தொய்ந்து சக்கரங்களின் தலையில் படுத்திருக்கும், இரண்டு சக்கரங்களுக்கு நடுவிலும் சற்றே குழியும். உங்களுடையது ரப்பர்போன்ற ஒற்றைப் பட்டை, அதற்குப் பாரமே இல்லை, அதனால்தான் மிதக்கிறது. அதையே பயன்படுத்துவதானால், சக்கரங்களுக்கு மேலே மட்கார்டு மறைக்கும் இடத்தில் உடலின் பக்கச் சுவரில் 0.8 மி.மீ. துளைகள் போட்டு ஊசித் துண்டுகளைச் செருகுங்கள். ஊசி பட்டையைக் கீழே அழுத்தும். சக்கரத் தலையில் சூப்பர் க்ளூ ஒரு சொட்டு.

தனித்தனிக் கண்ணிகளாக வரும் பிளாஸ்டிக் டிராக் கிடைத்தால் அதுவே மேல். 500 மி.மீ. அகல டிராக்கில் பக்கத்துக்கு 72 கண்ணிகள், நடுவில் கொம்பு உள்ளதும் இல்லாததும் மாறிமாறி வரும். ஸ்கேலை ஓரமாக வைத்து நேராக அடுக்கி, நிதானமாகக் காயும் பசையால் ஒட்டுங்கள். 20 முதல் 30 நிமிடத்தில் இணைப்பு இளக்கமாக, ஆனால் பிரியாமல் இருக்கும். அந்த நேரத்தில் சக்கரங்களைச் சுற்றி வளைத்து, மேல்பகுதிக்கும் மட்கார்டுக்கும் நடுவில் பஞ்சுத் துண்டுகளைத் திணித்து ஓர் இரவு விடுங்கள். அவசரப்பட்டால் கண்ணிகள் கழன்றுவரும், அதிகம் காத்திருந்தால் வளையாமல் உடையும். சக்கரங்களை உடலோடு ஒட்டாமல் செருகி மட்டும் வைத்திருந்தால், டிராக்கையும் சக்கரங்களையும் ஒரே தொகுதியாக உருவி எடுத்துத் தனியாகப் பெயிண்ட் அடிக்கலாம்.

டிராக்கைச் சுற்றி ஓர் அழகான நுணுக்கம். டி-34இன் டிராக் கண்ணிகளைக் கோக்கும் ஊசிகளுக்கு உட்பக்கம் பூட்டு இல்லை. ஓட்டத்தில் டாங்கியின் உடலை நோக்கி நகர்ந்துவரும் ஊசிகளை, உடலின் பின்பகுதியில் பற்றவைத்திருக்கும் சரிவான தகடு ஒன்று ஒவ்வொரு சுற்றிலும் தட்டி மறுபடி கண்ணிக்குள் தள்ளிவிடும். பழைய கிட்களில் அந்தத் தகடு விடுபட்டிருக்கலாம். பிளாஸ்டிக் துண்டில் ஓர் ஆப்பு வெட்டி ஒட்டினால் போதும். அதன் உரசும் முகத்தில் உலோகப் பளபளப்பு கொடுங்கள்.

சக்கரம் முறிந்ததற்கு டர்பன்டைனே காரணம், ஆனால் அது மட்டும் இல்லை. அச்சில் வார்த்த பாலிஸ்டைரினுக்குள் இழுவிசை உறைந்து கிடக்கும். இறுக்கமான துளையில் அச்சைத் திணிக்கும்போது அது இன்னும் கூடும். வாஷை வெள்ளமாக விட்டால் அது சக்கரத்தின் பின்னால், பெயிண்ட் படாத துளைக்குள் ஊறி மணிக்கணக்கில் நிற்கும். இறுகி நிற்கிற பிளாஸ்டிக்கில் கரைப்பான் ஊறினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் ஓடும், மறுநாள் தொட்டதும் முறியும். எனவே துளையை உருண்டை அரத்தால் சற்று அகலமாக்கி அச்சு தளர்வாக நுழையும்படி செய்யுங்கள். உட்பக்கத்துக்கும் பிரைமர் கொடுங்கள். பச்சை காய்ந்தபின் அக்ரிலிக் பளபளப்பு வார்னிஷ் அடித்து இரண்டு நாள் விடுங்கள். வாஷுக்கு ஓவியர்கள் பயன்படுத்தும் மணமற்ற தின்னர் வாங்குங்கள், ஒரு பங்கு பெயிண்டுக்குச் சுமார் பத்துப் பங்கு. 00 தூரிகையால் போல்ட் தலைகளையும் மூலைகளையும் மட்டும் தொடுங்கள். 15, 20 நிமிடம் கழித்து, தின்னரில் நனைத்துத் துடைத்த தூரிகையால் மிச்சத்தை எடுங்கள். ஹார்டுவேர் கடை என்.சி. தின்னரை மாடல் அருகில்கூடக் கொண்டுபோக வேண்டாம், அது பிளாஸ்டிக்கையே கரைக்கும். முறிந்த சக்கரங்களைத் தூக்கிப் போடாதீர்கள். இரு பக்கமும் 1 மி.மீ. துளையிட்டுப் பித்தளைக் கம்பி செருகிச் சூப்பர் க்ளூவில் நிறுத்தினால் முன்பைவிட உறுதியாக நிற்கும்.

அந்த வார்னிஷை டெக்காலுக்கு (டரட்டில் நீங்கள் ஒட்டிய எண்) முன்பே அடித்திருந்தால் வெள்ளைப் படலமும் வந்திருக்காது. மங்கலான பெயிண்டின் மேடுபள்ளத்தில் டெக்காலுக்கு அடியில் காற்று சிக்கியிருக்கிறது, அவ்வளவுதான். இப்போதும் காப்பாற்றலாம்: மெல்லிய ஊசியால் பல இடங்களில் குத்தி, மைக்ரோ சால் போன்ற இளக்கும் திரவத்தைத் தடவி, காய்ந்ததும் இரண்டு மூன்று முறை திரும்பச் செய்யுங்கள்.

துரு பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன், அதிகம். உரிந்த இடங்கள் படத்தில் 1 முதல் 1.5 மி.மீ. இருக்கின்றன. பெருக்கினால் 3.5 முதல் 5 செ.மீ. டரட் விளிம்பு முழுக்க அந்த அளவுக்கு உரியாது. 1942இல் ஆலையை விட்ட டி-34களில் பல நீண்ட நாள் ஓடவே இல்லை, கவசத்தில் ஆரஞ்சுத் துரு வழிய அவற்றுக்கு அவகாசம் ஏது? துரு இருக்க வேண்டிய இடங்கள் புகைக்குழாய், டிராக், உதிரிக் கண்ணிகள், நசுங்கிய மெல்லிய தகடு. பெயிண்ட் தேய்வது ஆட்கள் ஏறி இறங்கும் வழியிலும் மூடி விளிம்பிலும் இழுவைக் கொக்கிகளிலும். அங்கே கரும்பழுப்பில் 0.3 மி.மீ. புள்ளிகள் போதும், அதுவே நிஜத்தில் 1 செ.மீ. ஸ்பாஞ்சைத் தொட்டுக் காகிதத்தில் ஒற்றி, ஏறக்குறைய காய்ந்த நிலையில் தட்டுங்கள். 4பிஓ எனப்படும் அந்தச் சோவியத் பச்சையும், வாஷ் ஏறியபின் மிகவும் இருண்டுவிட்டது. அடுத்த முறை அடிப்படைப் பச்சையிலேயே பத்தில் ஒரு பங்கு வெளிர் மஞ்சள் கலந்துவிடுங்கள்.

புதுக் கிட்டில் எதையும் ஒட்டுமுன் சக்கரமும் டரட்டும் உள்ள ஸ்ப்ரூக்களை வெளிச்சத்தில் வைத்துப் படமெடுத்து அனுப்புங்கள். விளிம்பு எஃகா ரப்பரா, டரட் மூலை மடிப்பா உருண்டையா என்று பார்த்துவிட்டால் எந்த ஆலை வண்டியாக அதைச் செய்யலாம் என்று எழுதுகிறேன்.