துண்டில் ஒட்டும் ரத்தப் பொட்டு

கேள்வி: வயது 57. வலது கண் கீழிமையில், முடி முளைக்கும் ஓரத்தில் சிறு வயதிலிருந்தே மச்சம் உண்டு. எட்டு மாதமாகப் பெரிதாகிறது. முகம் துடைத்தால் சில நாள் துண்டில் ரத்தம் ஒட்டுகிறது, பொருக்குக் கட்டி உதிர்கிறது. கழுத்தில் குட்டிக் குட்டி மருக்கள் வேறு, இமையும் துடிக்கிறது. செல்போனில் படம் பார்த்த மகன் புற்றுநோய் என்கிறான். பக்கத்து வீட்டு அக்கா சுண்ணாம்பு வைக்கச் சொல்கிறார். கத்தி வைத்தால் கண் போய்விடுமா டாக்டர்?

பதில்: போகாதம்மா. அறுத்துப் பார்ப்பதால் கண்ணும் போகாது, நோயும் பரவாது. இந்தப் பயத்தில் நாளைக் கடத்துகிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை.

கழுத்து மருவை விடுங்கள், வயதானால் பலருக்கும் வரும். இமைத் துடிப்பு பெரும்பாலும் தூக்கக் குறைவால். மச்சம் வயதோடு கொஞ்சம் மேடாவதும் இயல்புதான்.

துண்டில் ஒட்டும் ரத்தம் அப்படியில்லை. நகம் படாமல், இடிபடாமல் ஒரே இடம் கசிவது, பொருக்குத் தட்டுவது, உதிர்ந்து மறுபடி கசிவது என்று மாதக்கணக்கில் போனால் அது ஆறாத புண். காலையில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். மச்சத்தின் நடுவில் குழி விழுந்திருக்கிறதா? விளிம்பு முத்துப் போலப் பளபளக்கிறதா? அந்த இடத்தில் மட்டும் இமை முடி உதிர்ந்திருக்கிறதா? காதுக்கு முன்னால் நெறி கட்டியிருக்கிறதா? ஒன்று இருந்தாலும் என்னிடம் வருபவரை அன்றே பயாப்சிக்கு, அதாவது சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்க, அனுப்புவேன். எதுவும் இல்லையென்றாலும் உங்களை இந்த வாரமே போகச் சொல்வேன். ரத்தக் கசிவு ஒன்றே போதும்.

மகன் பார்த்த படங்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களுக்கு வரும் மெலனோமா என்ற தோல் புற்றாக இருக்கும். நம் நிறத்தவருக்கு அது வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில்தான் அதிகம். இமையில் நான் சந்தேகப்படுவது வேறு இரண்டு. ஒன்று பேசல் செல் புற்று என்ற இன்னொரு வகைத் தோல் புற்று. கீழிமையில் அதிகம் வரும். நம் தோலில் அது பல நேரம் கறுப்பாகவே வளர்வதால் மச்சம் என்று நினைத்து விட்டுவிடுகிறோம். உடம்பில் பரவுவது மிக அரிது. ஆனால் விட்டால் மெல்ல அரித்துக்கொண்டே கண்குழிக்குள் இறங்கும். இன்னொன்று இமையின் எண்ணெய்ச் சுரப்பியில் வரும் புற்று. இது நெறிகளுக்குப் பரவக்கூடியது, அதனால்தான் காதுக்கு முன்னால் தடவிப் பார்க்கச் சொன்னேன். உங்களுக்கு இரண்டும் இல்லாமலே போகலாம். கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. செல்போனும் சொல்ல முடியாது.

சுண்ணாம்பு மட்டும் வேண்டவே வேண்டாம். அது காரம், ஒரு துளி கண்ணுக்குள் போனால் கருவிழி வெந்துவிடும். பியூட்டி பார்லரில் சுட்டு எடுப்பதும் வேண்டாம். அப்படிச் சுட்டுக்கொண்ட ஒருவர் ஓராண்டு கழித்து என்னிடம் வந்தார். மேலே தழும்பு வழவழவென்றிருந்தது, அடியில் கட்டி வளர்ந்துகொண்டிருந்தது. எடுத்த சதையைப் பரிசோதிக்க அன்று யாரும் அனுப்பவில்லை. சுட்டுப் பொசுக்கிய பிறகு அனுப்ப என்ன இருக்கும்?

மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எதிலும் கண் பிரிவும் தோல் பிரிவும் இருக்கும். கண் பிரிவுக்குப் போய் இமைக் கட்டி என்று சொல்லுங்கள். மரத்துப்போக ஊசி போட்டுச் சிறு துண்டு எடுப்பார்கள், அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். புற்று என்று வந்தாலும், சிறிதாக இருக்கும்போது சுற்றிக் கொஞ்சம் நல்ல தோலோடு எடுத்து இமையைத் தைத்துவிடலாம். பார்வைக்குப் பெரும்பாலும் பங்கம் வராது.

போகும்போது மச்சம் தெளிவாகத் தெரியும் பழைய போட்டோ ஒன்று கொண்டுபோங்கள், வளர்ந்த அளவு தெரியும். ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.