புனித வாரத்தில் ஒரு நாள்தான் லீவு கிடைக்கும் என்றால்?

சென்னையில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை செய்யும் ஒரு சகோதரியின் கேள்வி இது. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் அவருக்கு ஒரு நாள்தான் லீவு கிடைக்குமாம், அதை எப்போதும் பெரிய வெள்ளிக்கு எடுப்பாராம். வியாழனும் சனி இரவும் கோவிலுக்குப் போகாவிட்டால் பாவமா என்று கேட்கிறார். அம்மாவுக்கு 63 வயது, சுகர் இருக்கிறது, ஆனாலும் பெரிய வெள்ளியன்று ஒருசந்தி (உணவைக் குறைக்கும் நோன்பு) இருந்தே தீருவேன் என்கிறாராம்.

பயத்தை முதலில் இறக்கி வைத்துவிடுங்கள் சகோதரி. பெரிய வியாழனும் பெரிய வெள்ளியும் திருச்சபைச் சட்டப்படி கட்டாயம் திருப்பலிக்குப் போக வேண்டிய கடன் திருநாள்கள் அல்ல, டியூட்டியால் போக முடியாவிட்டால் அது பாவமாகாது. இந்த நாள்களில் உயிர்ப்பு ஞாயிறு (ஈஸ்டர்) மட்டும்தான் கடன். சனி இரவு நடக்கும் உயிர்ப்பு வழிபாடான திருவிழிப்பில் பங்கெடுத்தால் அந்த ஞாயிற்றுக் கடனும் நிறைவேறிவிடும்.

ஆனால் ஒரே ஒரு லீவு என்றால், தயவுசெய்து அதைச் சனி இரவுக்கு மாற்றுங்கள்.

காரணம் இருக்கிறது. வியாழன் மாலை, இயேசுவின் கடைசி இராவுணவை நினைக்கும் திருப்பலியின் முடிவில் குருவானவர் இறுதி ஆசீர் கொடுப்பதில்லை, நற்கருணையை (அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தை) இடமாற்றம் செய்துவிட்டு எல்லோரும் அமைதியாகிவிடுகிறோம். வெள்ளி வழிபாட்டின் தொடக்கத்தில் வாழ்த்தே கிடையாது, குரு வந்ததும் பீடத்தின் முன் முகம் குப்புற விழுகிறார், முடிவிலும் "சென்று வாருங்கள்" என்று யாரும் அனுப்பி வைப்பதில்லை. வியாழன் "உன்னதங்களிலே" பாடும்போது அடித்த மணி, திருவிழிப்பில் அதே பாட்டு வரும்வரை ஒலிக்காது. அதாவது மூன்று நாளும் சேர்ந்து ஒரே வழிபாடு. வெள்ளியோடு நிறுத்திக்கொள்வது, பாதியில் எழுந்து போவது மாதிரி.

நம் வீடுகளில் வெள்ளிக்குத்தான் மவுசு அதிகம். அதற்கும் காரணம் உண்டு. பல நூற்றாண்டுகளாகத் திருவிழிப்பைச் சனிக்கிழமை காலையிலேயே, வெயில் வெளிச்சத்தில், ஏறக்குறைய ஆளில்லாத கோவிலில் நடத்தி முடித்துவிடுவார்கள். திருத்தந்தை 12ஆம் பயஸ் 1951இல் அதைச் சோதனையாக மறுபடி இரவுக்குக் கொண்டுவந்தார், 1956 முதல்தான் எல்லா இடத்திலும் கட்டாயமானது. நம் பாட்டிமார் வளர்ந்த பக்தியில் அந்த இரவு இல்லை, அவ்வளவுதான்.

வியாழனுக்கும் வெள்ளிக்கும் லீவு வேண்டாம், மார்னிங் டியூட்டி கேட்டு வாங்குங்கள். மதியம் 2 மணிக்கு விட்டுவிட்டால் வியாழன் மாலைத் திருப்பலிக்குத் தாராளமாகப் போகலாம். வெள்ளி வழிபாடு பெரும்பாலும் 3 மணிக்கு, ஓட்டமாக ஓடினால் பிடித்துவிடலாம், ஆனால் உங்கள் பங்கில் எத்தனை மணிக்கு என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பதிலுக்கு ஞாயிறு மதிய டியூட்டியை நீங்கள் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் பாருங்கள், தோழிகள் யாராவது சம்மதிப்பார்கள். வெள்ளி காலைச் சிலுவைப்பாதை நல்ல பக்தி முயற்சிதான், ஆனால் அதற்குப் போய்விட்டு மாலையில் யோவான் எழுதிய பாடுகளின் வரலாறும் சிலுவை ஆராதனையும் நடக்கும்போது வீட்டில் இருந்துவிடுகிறார்களே, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் வழிபாட்டுக்கே போங்கள்.

சரி, அம்மாவின் ஒருசந்தி. 18 வயது முடிந்தவர்களுக்கு, 60ஆம் வயது தொடங்கும்வரைதான் அந்தக் கடமை. அம்மா அதைத் தாண்டிவிட்டார். வயது குறைவாக இருந்தாலும் நோயாளிக்கு விலக்கு உண்டு. சுகர் மாத்திரை போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 14 வயதிலிருந்து சுத்தபோசனம் (இறைச்சியைத் தவிர்ப்பது) எல்லோருக்கும் உண்டு, அதற்கு மேல்வரம்பு இல்லை, எனவே அம்மா அன்று இறைச்சியை மட்டும் விட்டால் போதும், மற்றபடி நேரத்துக்குச் சாப்பிடட்டும். கேட்கமாட்டார் என்றால் பங்குத்தந்தையை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள், மகள் சொல்வதைவிட அது எடுபடும். உங்களுக்கு ஒரு முழுச் சாப்பாடு, அப்புறம் இரண்டும் சேர்ந்தாலும் ஒரு முழுச் சாப்பாடு ஆகாத அளவில் இரண்டு சிறு உணவு. முழுச் சாப்பாட்டை டியூட்டி நேரம் பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

அம்மாவால் வெள்ளியன்று கோவிலுக்கு வர முடியாவிட்டால் நோயாளிக்கு வீட்டுக்கே நற்கருணை கொண்டுவரலாம், சொல்லி வையுங்கள். சனி பகலில் அது முடியாது, அன்று சாகும் தறுவாயில் இருப்பவருக்கு மட்டுமே.

சனி மதியம் கொஞ்சம் தூங்கிவிடுங்கள். பல பங்குகளில் திருவிழிப்பு ராத்திரி 10, 11 மணிக்குத்தான் தொடங்கும். முழுமையாக நடத்தினால் பழைய ஏற்பாட்டிலிருந்தே ஏழு வாசகங்கள், குறைத்தாலும் செங்கடலைக் கடந்த விடுதலைப் பயணம் 14ஆம் அதிகாரத்தை விடமாட்டார்கள். அதை வீட்டிலேயே ஒரு தடவை படித்துவிட்டுப் போங்கள், இருட்டில் கேட்கும்போது உள்ளே இறங்கும். தீ மந்திரிக்கும் இடத்துக்கு, கோவில் வாசலுக்கு, நேரத்தோடு போய் நில்லுங்கள். பாஸ்கா திரியில் (உயிர்த்த கிறிஸ்துவைக் குறிக்கும் பெரிய மெழுகுதிரியில்) அகரமும் னகரமும் அந்த ஆண்டின் எண்களும் பொறிப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். நீங்கள் கையில் பிடிக்கும் மெழுகுதிரிக்கு அடியில் காகித வளையம் மாட்டிக்கொள்ளுங்கள், மெழுகு கையில் சுடாது. ஒரு சின்ன பாட்டிலும் எடுத்துப் போங்கள், புதிதாக மந்திரித்த தண்ணீரை அம்மாவுக்குக் கொண்டுவர.