நர்சிங் படித்தால் வேலை உண்டா? தேவகோட்டை வாசகிக்குப் பதில்

கேள்வி: என் மகள் இந்த ஆண்டு உயிரியல் பிரிவில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நர்சிங்தான் படிப்பேன் என்கிறாள். என் தங்கை மகள் ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமோ முடித்துவிட்டுக் காரைக்குடியில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் மூன்று வருடமாகச் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறாள். வீட்டுக்கு வந்த ஏஜென்ட்டோ, “பெங்களூரில் சீட் வாங்கித் தருகிறேன், முடித்த கையோடு வெளிநாடு” என்கிறார். எதை நம்புவது?

பதில்: தங்கை மகளின் நிலைமை உண்மை. நர்ஸ்களுக்கு ஆள் பஞ்சம் என்பதும் உண்மை. உலக அளவில் 59 லட்சம் நர்ஸ்கள் போதாமல் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2020இல் கணக்குச் சொன்னது. அப்புறம் ஏன் காரைக்குடியில் சம்பளம் ஏறவில்லை? பத்துப் பதினைந்து படுக்கை உள்ள நர்சிங் ஹோமில் ஊசி போட, டிரிப் ஏற்ற, பிரஷர் பார்க்க ஆள் இருந்தால் முதலாளிக்குப் போதும். முறையாகப் படிக்காமல் பழக்கத்தில் கற்றுக்கொண்டவர்களும் அங்கே அதே வேலையைச் செய்வார்கள். படித்தவருக்குத் தனி மதிப்பு ஏற்படுவது ஐசியூ, ஆபரேஷன் தியேட்டர், டயாலிசிஸ், பச்சிளங்குழந்தைப் பிரிவு போன்ற இடங்களில். அவையெல்லாம் பெரிய மருத்துவமனைகளில்தான் இருக்கின்றன.

ஆகவே வேலை கிடைக்குமா என்று நான் கவலைப்பட மாட்டேன், கிடைக்கும். உங்கள் மகள் எந்த வார்டில் நின்று தொழில் கற்கப் போகிறாள் என்பதைத்தான் பார்ப்பேன்.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தையும் பஸ்ஸையும் பார்த்து மயங்காதீர்கள். அதன் தாய் மருத்துவமனை, அதாவது மாணவிகள் பயிற்சி பெறும் கல்லூரியின் சொந்த மருத்துவமனை, எங்கே என்று கேளுங்கள். நூறு படுக்கையாவது இருக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. காலை பத்து மணி வாக்கில் நேரில் போய் வார்டை எட்டிப் பாருங்கள். படுக்கைகள் காலியாகக் கிடந்தால் பிள்ளை அங்கே பொம்மைக்குத்தான் ஊசி போட்டுப் பழகுவாள். ‘பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்’ என்று சொல்லும் கல்லூரி பக்கமே போகாதீர்கள். வெளிமாநிலக் கல்லூரி என்றால் பல்கலைக்கழக இணைப்பு, அந்த மாநிலக் கவுன்சிலின் அனுமதி, இந்திய நர்சிங் கவுன்சிலின் பட்டியலில் பெயர், இந்த மூன்றையும் நீங்களே சரிபாருங்கள். அசல் சான்றிதழ்களை ஏஜென்ட் கையில் கொடுக்கவே வேண்டாம்.

உயிரியல் படித்திருப்பதால் நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங்குக்கே முயலுங்கள். மூன்று வருட ஜி.என்.எம். மோசமில்லை, ஆனால் பின்னால் சில கதவுகள் தாமதமாகத் திறக்கும். உதாரணத்துக்கு, எய்ம்ஸ் மருத்துவமனைகளில் நர்சிங் அதிகாரி வேலைக்காக எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வைப் பி.எஸ்சி. முடித்துக் கவுன்சிலில் பதிவு செய்தவர் நேரடியாக எழுதலாம். ஜி.என்.எம். என்றால் 50 படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவமும் வேண்டும். அந்த வேலைக்கு அடிப்படைச் சம்பளமே மாதம் 44,900 ரூபாய். மாநில அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு இருக்கிறது. ஆனால் அதில் தொகுப்பூதியத்தில் சேர்ந்து, நிரந்தரமாவதற்குக் காத்திருந்தவர்கள் நிறைய. தெரிந்தே சேர வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, முதலில் அரசு கவுன்சலிங்குக்கு விண்ணப்பம் போட்டுவிடுங்கள். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயும் வரும்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, எட்டுக் கட்டு வீட்டில் ஆச்சியும் ஐயாவும் தனியாக இருப்பது இங்கே சாதாரணம். அவர்களைப் பார்த்துக்கொள்ள ‘ஹோம் நர்ஸ்’ கேட்டு அலைபவர்கள் அதிகம். சாப்பாடு, தங்குமிடத்தோடு தினக்கூலியும் தருவார்கள். நர்சிங் ஹோம் சம்பளத்தைவிடக் கையில் கூடுதலாகவே நிற்கும். தேவையான வேலை, மரியாதையான வேலை. ஆனால் படித்து முடித்த புதிதில் இதில் இறங்க வேண்டாம். அரசுத் தேர்வோ வெளிநாட்டு வேலையோ கேட்கும் அனுபவம் மருத்துவமனை அனுபவம். வீட்டில் பார்த்த வருடங்கள் அந்தக் கணக்கில் சேராது. நாலைந்து வருடம் வார்டில் இருந்த பிறகு, நாலு நர்ஸ்களைச் சேர்த்துக்கொண்டு வீட்டுப் பராமரிப்பு சேவை தொடங்கினால் அது வேறு கதை. காரைக்குடியில் அதற்கு நல்ல இடம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

அடுத்து வெளிநாடு. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போய்ப் பழகிய சீமை என்பதால் வெளிநாடு என்றால் இங்கே யாரும் மலைப்பதில்லை. அது ஏஜென்ட்டுக்கும் தெரியும். ‘முடித்த கையோடு’ என்பது பெரும்பாலும் நடக்காது. வளைகுடா மருத்துவமனைகள் பொதுவாக இரண்டு வருட அனுபவம் கேட்கும். சான்றிதழ் சரிபார்ப்பும் உரிமத் தேர்வும் உண்டு. பிரிட்டனுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வில் 7 வேண்டும், எழுத்துப் பகுதிக்கு மட்டும் 6.5 போதும். ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழியே படிக்க வேண்டும், வழக்கமாக பி2 நிலை வரை. இவற்றில் எதையும் ஏஜென்ட் பணம் கட்டி வாங்கித் தர முடியாது. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்குச் சட்டப்படி உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே நர்ஸ்களைத் தேர்வு செய்து அனுப்புகிறது. அதன் அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

தங்கை மகளுக்கும் ஒரு வார்த்தை. அவள் இருக்கும் இடம் 50 படுக்கைக்குக் குறைவு என்றால் அந்த மூன்று வருடமும் நார்செட்டுக்கு உதவாது. சம்பளம் இப்போதைக்கு ஏறாவிட்டாலும் பரவாயில்லை என்று மதுரையிலோ திருச்சியிலோ ஒரு பெரிய மருத்துவமனையின் ஐசியூவுக்கு மாறச் சொல்லுங்கள். ஜி.என்.எம். முடித்தவர்களுக்கான இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்தால் அவளும் பட்டதாரிதான். கிளம்பும் முன் அனுபவச் சான்றைக் கேட்டு வாங்கட்டும். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பார்த்த பிரிவு, படுக்கை எண்ணிக்கை நான்கும் அதில் இருக்க வேண்டும்.