கண்ணில் அழற்சி, நெஞ்சுக்கு ஏன் சி.டி.?

கேள்வி: என் தம்பிக்கு 29 வயது. ஒரு மாதமாக வலது கண்ணில், நேர்ப்பார்வைக்குப் பக்கத்தில், ஏதோ மறைக்கிறது என்கிறான். வலி, சிவப்பு இல்லை. விழித்திரை மருத்துவர் 'செர்ப்பிஜினஸ் மாதிரியான கோராய்டைட்டிஸ்' என்று எழுதியிருக்கிறார். ஓசிடி, ஆட்டோஃபுளோரசன்ஸ், கையில் டை ஏற்றி எடுக்கும் ஆஞ்சியோகிராம் எல்லாம் எடுத்தாகிவிட்டது. இப்போது டிபியா என்று பார்க்க மேண்டோ என்ற தோல் ஊசிப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை, நெஞ்சு சி.டி. வேண்டும் என்கிறார். தம்பிக்கு இருமல்கூடக் கிடையாது. இத்தனை படம் எடுத்தும் நோய் தெரியவில்லையா? அதுவரை ஸ்டீராய்டு மாத்திரையாவது கொடுக்கலாமே? டிபி என்றால் வீட்டில் இருக்கும் குழந்தைகளுக்குத் தொற்றுமா?

பதில்: உங்கள் மருத்துவர் சரியான வழியில்தான் போகிறார். படங்கள் வீண் இல்லை. நோய் எங்கே இருக்கிறது, எவ்வளவு பரவியிருக்கிறது, இன்னும் கனன்றுகொண்டிருக்கிறதா என்பதைச் சொல்வது அவற்றின் வேலை. எதனால் வந்தது என்ற கேள்விக்குப் படம் ஜாடைதான் காட்டும். மீதி விடையைக் கண்ணுக்கு வெளியேதான் தேட வேண்டும்.

விழித்திரைக்கு அடியில், ரத்தக் குழாய்கள் அடர்ந்த கோராய்டு என்ற படலம் இருக்கிறது. விழித்திரையின் வெளி அடுக்குகள் பிழைத்திருப்பதே அது தரும் ரத்தத்தால்தான். தம்பிக்கு அழற்சி வந்திருப்பது அங்கே. இந்த வகையில் அழற்சி ஒரே இடத்தில் நிற்காது. உள்ளே ஆறிக்கொண்டே ஓரத்தில் நெளிந்து நெளிந்து முன்னேறும். ஆறிய இடம் தழும்பாகிவிடும். அது மேக்குலா என்கிற நடுப்புள்ளியைத் தொட்டால் வாசிப்பு, முகம் அடையாளம் காண்பது எல்லாம் போய்விடும். மருத்துவரின் அவசரம் அதனால்தான்.

இப்போது கையில் இருக்கும் படங்களைப் பார்ப்போம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஆட்டோஃபுளோரசன்ஸ். ஊசி கிடையாது, டை கிடையாது. விழித்திரையின் நிறமி அடுக்கில் இயல்பாகவே இருக்கும் லிப்போஃபசின் என்ற பொருள், ஒளி பட்டால் மினுங்கும். கேமரா அதைப் பிடிக்கிறது. அழற்சி முன்னேறிக்கொண்டிருக்கும் ஓரம் தெளிவில்லாத வெளிச்ச வளையமாகத் தெரியும். ஆற ஆரம்பித்ததும் அதைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு விழும். பிறகு புள்ளி புள்ளியாகக் கறுத்து, மாதங்கள் போனபின் முழுக்க இருண்டுவிடும். கண்ணுக்குள் நேராகப் பார்க்கும்போது இந்த வேறுபாடு அவ்வளவு துல்லியமாகத் தெரியாது.

டை ஏற்றும் படத்தில் முழங்கை ரத்தக் குழாயில் ஃபுளோரசின் என்ற டையைச் செலுத்துவார்கள். 10, 15 விநாடியில் அது கண்ணுக்குப் போய்விடும். தொடக்கப் படங்களில் இருட்டாக இருக்கும் ஓரம் கடைசிப் படங்களில் ஒளிர்ந்தால், அங்கே நோய் இன்னும் அடங்கவில்லை. ஊசி போட்டதும் சிலருக்கு ஒரு நிமிடம் குமட்டும். தோல் கொஞ்ச நேரம் மஞ்சளாகவும், சிறுநீர் ஒரு நாள் வரை அடர் மஞ்சளாகவும் போகும், பயப்பட வேண்டாம். (1961இல் இந்த முறையை வெளியிட்டவர்கள் அமெரிக்காவின் இண்டியானாவில் படித்துக்கொண்டிருந்த இரண்டு மருத்துவ மாணவர்கள், நோவோட்னியும் ஆல்விஸும். முதலில் ஊசி போட்டுக்கொண்டதும் அவர்களில் ஒருவரே.) அலர்ஜி, ஆஸ்துமா இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். ஐ.சி.ஜி. என்ற இன்னொரு டை கோராய்டை இதைவிட ஆழமாகக் காட்டும். அதில் அயோடின் உண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓசிடி குறுக்குவெட்டுப் படம். வெளி அடுக்குகள் எங்கே அழிந்திருக்கின்றன, கோராய்டு தடித்திருக்கிறதா, மேக்குலாவில் நீர் கோத்திருக்கிறதா என்று அதில் தெரியும். பின்னாளில் தழும்பின் ஓரத்தில் புதிய ரத்தக் குழாய் முளைத்தால், டை இல்லாமலே ஓசிடி ஆஞ்சியோவில் கண்டுபிடித்துவிடலாம். அதற்குச் சிகிச்சை வேறு. கண்ணுக்குள் போடும் ஊசி.

சரி, காரணத்துக்கு வருவோம். இதே தோற்றத்தில் இரண்டு நோய்கள் உண்டு. ஒன்று, உடலின் எதிர்ப்புச் சக்தியே கோளாறு செய்யும் பழைய வகை, செர்ப்பிஜினஸ் என்பது அதுதான். அது பெரும்பாலும் பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடத்தைச் சுற்றித் தொடங்கிப் பரவும், இரண்டு கண்ணிலும் வரும், உள்ளே இருக்கும் விழிப்படிக நீர் தெளிவாகவே இருக்கும். இன்னொன்று காசநோய்க் கிருமியோடு தொடர்புள்ளது. இது இளவயதில், பல இடங்களில் ஒரே நேரத்தில் தோன்றும்; நரம்பின் சுற்றுப்புறத்தைப் பெரும்பாலும் விட்டுவிடும்; விழிப்படிக நீரில் அழற்சிச் செல்கள் மிதக்கும். சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவர்கள் 2003இல் இதைப் பற்றி விரிவாக எழுதிய பிறகு, டிபி அதிகமுள்ள நம் நாட்டில் இந்தத் தோற்றத்தைக் கண்டதும் முதலில் டிபியைத் தேடுவது வழக்கமாகிவிட்டது. மருத்துவர் எழுதியதில் 'மாதிரியான' என்ற சொல் இருக்கிறது பாருங்கள், அவர் சந்தேகமும் அதுதான்.

கண்ணுக்குள்ளிருந்தே நீர் எடுத்துக் கிருமியைத் தேடலாமே என்று கேட்பீர்கள். கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனை செய்வதுண்டு. ஆனால் கிருமி மிகக் குறைவாகவே இருக்கும், பல நேரம் கிடைக்காது. அதனால்தான் சுற்றுவழிச் சான்று. மேண்டோ ஊசி போட்ட இடத்தை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் காட்ட வேண்டும். அளப்பது சிவப்பை இல்லை, தடவினால் கெட்டியாகத் தட்டுப்படும் தடிப்பை. 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் பாசிட்டிவ். இக்ரா என்ற ரத்தப் பரிசோதனையும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது. சின்ன வயதில் போட்ட பிசிஜி தடுப்பூசி அதைக் குழப்பாது என்பது அதன் மேன்மை. கிருமி உடலில் புகுந்திருக்கிறது என்பதை மட்டும்தான் இரண்டும் சொல்லும். நோயாக மாறியிருக்கிறதா என்று சொல்லாது. நம் ஊரில் நலமாக இருக்கும் பலருக்கும் மேண்டோ பாசிட்டிவ்தான். நெஞ்சு எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாதபோதும் சி.டி.யில் சின்ன நெறிக்கட்டியோ பழைய தழும்போ அகப்படலாம். கண் டிபி உள்ளவர்களில் நிறையப் பேருக்கு இருமலே இருக்காது. ஆக, தோற்றம், தோல் அல்லது ரத்தப் பரிசோதனை, சி.டி. மூன்றையும் சேர்த்து வைத்துத்தான் முடிவு.

ரத்தப் பட்டியலில் பால்வினை நோயான சிஃபிலிஸ், எச்.ஐ.வி. பரிசோதனைகளும் இருந்தால் தம்பியைச் சந்தேகத்தோடு பார்க்காதீர்கள். சிஃபிலிஸ் பல விழித்திரை நோய்கள் போல வேஷம் போடும். அதற்கு பென்சிலின் என்ற நல்ல மருந்தும் இருக்கிறது. யாராக இருந்தாலும் அதைப் பார்க்காமல் விடுவது தப்பு.

ஸ்டீராய்டு விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பு. பரிசோதனைக்கு முன்பே விழுங்கினால் மேண்டோ பொய்யாக நெகட்டிவ் ஆகலாம். டிபியாக இருந்து ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால், சில வாரம் நன்றாக இருப்பது போலத் தோன்றி மறுபடி கிளம்பும். முடிவு வந்தபின், மேக்குலா ஆபத்தில் இருந்தால், டிபி மருந்தோடு சேர்த்து ஸ்டீராய்டும் கொடுப்பார்கள். அது வேறு. டிபி மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் ஸ்டீராய்டின் வலிமையைக் குறைக்கும் என்பதால் அளவை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். அவசரமாக இருந்தால் பரிசோதனைகளை ஓரிரு நாளில் முடிக்கச் சொல்லிக் கேளுங்கள். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிவிடாதீர்கள்.

டிபி சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரங்களில் படத்தில் நோய் கூடியது போலத் தெரியலாம். கிருமி சாகும்போது எதிர்ப்புச் சக்தி கிளர்ந்தெழுவதால் வருவது அது. மருந்து தோற்றுவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள், உடனே போய்க் காட்டுங்கள். மருந்துகளில் ஒன்றான எத்தாம்பியூட்டால் சிலருக்குப் பார்வை நரம்பைப் பாதிக்கும். அதனால் தொடங்கும் முன்பே நிறப் பார்வையைச் சோதித்து எழுதிவைக்கச் சொல்லுங்கள். பிறகு சிவப்பும் பச்சையும் மங்கினால் ஒப்பிட ஆதாரம் வேண்டுமே.

படங்களைத் தாளில் அச்சிட்டு மட்டும் வாங்காதீர்கள், பென்டிரைவில் கேளுங்கள். அடுத்தடுத்த ஆட்டோஃபுளோரசன்ஸை முடிந்தவரை ஒரே மெஷினில் எடுங்கள். ஒரு மெஷின் நீல ஒளியில் எடுக்கும், இன்னொன்று பச்சை ஒளியில். இரண்டையும் பக்கத்தில் வைத்து நோய் குறைந்ததா கூடியதா என்று பேச முடியாது. சொட்டு மருந்து போட்டு எடுப்பதால் அன்று தம்பி பைக் ஓட்டக் கூடாது.

குழந்தைகளைப் பற்றிய கவலைக்கு: கண்ணில் மட்டும் இருக்கும் டிபி யாருக்கும் தொற்றாது. சேர்ந்து சாப்பிடலாம், குழந்தையைத் தூக்கலாம். சி.டி.யில் நுரையீரல் டிபி தெரிந்தால் கதை வேறு. அப்போது வீட்டில் எல்லோரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், 5 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் முதலில். இரண்டில் எதுவானாலும் மருத்துவர் நோயை அரசுக்குத் தெரிவிப்பார், அது சட்டம். மருந்து அரசு திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

எல்லாம் முடியும்வரை தம்பியைத் தினமும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டம் போட்ட காகிதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கோடு வளைந்தாலோ மறைப்பு பெரிதானாலோ, குறித்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே கிளம்பிவிடுங்கள்.