தெற்குப் படை வீரரைத் தேடுகிறீர்களா? வடக்கின் ஏட்டையும் பாருங்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–1865) தெற்குப் படையில் (பிரிந்துபோன தென்மாநிலங்களின் கான்ஃபெடரேட் படை) இருந்த மூதாதையரைத் தேடுபவர்கள் கேட்ட சில கேள்விகள்.

பெயரும் தென்மாநிலமான ஜார்ஜியாக்காரர் என்பதும்தான் தெரியும். எங்கே தொடங்குவது?

பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஒரே பெயரில் பத்துப் பேர் வந்து நிற்பார்கள். 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடும்பம் எந்தக் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) இருந்தது என்று முதலில் பாருங்கள். கம்பெனிகளை (சுமார் நூறு வீரர் கொண்ட படைப்பிரிவு) பெரும்பாலும் ஒரே வட்டாரத்து ஆட்களைச் சேர்த்துத்தான் திரட்டினார்கள். அந்தக் கவுண்டியில் திரண்ட கம்பெனி தெரிந்தால், பல கம்பெனிகள் சேர்ந்த ரெஜிமென்ட் தெரியும். அப்புறம் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் அவருடைய சேவைப் பதிவு அட்டைகளைக் கேளுங்கள். பெயரைக் காதில் விழுந்தபடிதான் எழுதியிருப்பார்கள், அதனால் எழுத்தை மாற்றி மாற்றித் தேடுங்கள்.

1863 ஜூலையில் விக்ஸ்பர்க்கில் பிடிபட்டார் என்கிறது ஓர் அட்டை. 1864-இல் மறுபடி பிடிபட்டார் என்கிறது இன்னொன்று. எது தவறு?

இரண்டுமே சரியாக இருக்கலாம். மிசிசிப்பி மாநிலத்து விக்ஸ்பர்க்கில் வடக்குப் படையிடம் சரணடைந்த சுமார் 29,000 பேரில் பெரும்பாலோரைச் சிறைக்கு அனுப்பவில்லை. கைதிப் பரிமாற்றம் முடியும்வரை ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று எழுதி வாங்கி, பரோலில் விட்டார்கள். பலர் பிறகு படைக்குத் திரும்பினார்கள். கோப்பில் அந்தப் பரோல் சீட்டு இருந்தால் அதன் அடியைப் பாருங்கள். அவர் கையாலேயே போட்ட கையெழுத்து இருக்கலாம், எழுதத் தெரியாதவர் என்றால் ஒரு பெருக்கல் குறி. நான் முதலில் தேடுவது அதைத்தான்.

பாயின்ட் லுக்அவுட், பிறகு எல்மைரா என்று அட்டையில் இருக்கிறது. அதோடு சரி. என்ன ஆனார்?

இரண்டுமே வடக்குப் படையின் போர்க்கைதி முகாம்கள். மேரிலாந்திலிருந்த பாயின்ட் லுக்அவுட்டில் இடம் போதாமல், 1864 ஜூலை முதல் பலரை நியூயார்க் மாநிலத்து எல்மைராவுக்கு ரயிலில் கொண்டுபோனார்கள். அங்கே அடைபட்ட சுமார் 12,000 பேரில் ஏறத்தாழ 3,000 பேர் குளிராலும் வயிற்றுப்போக்காலும் அம்மையாலும் இறந்தார்கள். அவர்களை உட்லான் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தவர் ஜான் டபிள்யூ. ஜோன்ஸ். வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்து, 1844-இல் தப்பி வடக்கே வந்தவர். ஒவ்வோர் உடலுக்கும் பெயர், ரெஜிமென்ட், இறந்த நாள் எல்லாவற்றையும் குறித்து வைத்தார். அடிமை முறைக்காகப் போரிட்ட படையின் வீரர்களுக்கு அவர் காட்டிய அந்தக் கவனத்தை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது. அவர் புதைத்த 2,973 பேரில் பெயர் தெரியாதவர்கள் ஏழே பேர். அதனால் உங்கள் ஆள் அங்கே இறந்திருந்தால் கல்லறைப் பட்டியலில் பெயர் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

பட்டியலில் இல்லையா? விடுதலைக்கு முன் அமெரிக்க அரசுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று எடுத்த உறுதிமொழியைத் தேடுங்கள். உயரம், முடி, கண் நிறம்கூட அதில் இருக்கும். சிலர் சிறையிலிருந்தே வடக்குப் படையில் சேர்ந்து மேற்கு எல்லைக்குப் போனார்கள். அவர்களின் பதிவு அமெரிக்கத் தன்னார்வ ரெஜிமென்டுகள் ஆறில் ஒன்றில் இருக்கும்.

மத்திய அரசிடம் பென்ஷன் கோப்பு இல்லை என்கிறார்கள்.

தெற்குப் படையினருக்குப் பென்ஷன் கொடுத்தவை தென்மாநிலங்கள். போரிட்ட மாநிலத்தில் தேடாமல், முதுமையில் அவர் குடியிருந்த மாநிலத்தின் ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். மனைவி பெயரிலும் ஒருமுறை பாருங்கள். கைம்பெண்களின் மனுக்களில் திருமண நாள்கூடக் கிடைப்பதுண்டு.