சாராளின் பிள்ளைகள்

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையில் கல்யாணம் என்றால் பேதுருவின் முதல் நிருபம் மூன்றாம் அதிகாரம் தவறாமல் வரும். ‘மனைவிகளே, உங்கள் சொந்தப் புருஷர்களுக்குக் கீழ்ப்படிந்திருங்கள்.’ பிரசங்கம் அதோடு நின்றுவிடும். போன வாரம் வீட்டில் உட்கார்ந்து ஆறாம் வசனம் வரை படித்தேன். ஆபிரகாமின் மனைவி சாராளைப் போலக் கீழ்ப்படியச் சொல்லிவிட்டு, ‘ஒரு ஆபத்துக்கும் பயப்படாதிருந்தீர்களானால்’ அவளுக்குப் பிள்ளைகள் என்கிறது. சொன்னபடி கேட்டு நடப்பவளுக்கு என்ன ஆபத்து?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஆபத்து பெரும்பாலும் புருஷனிடமிருந்துதான். முதல் வசனத்தின் பின்பாதியைப் பாருங்கள். ‘திருவசனத்திற்குக் கீழ்ப்படியாத’ கணவர்களைப் பெற்ற பெண்களும் அங்கே இருக்கிறார்கள். அவன் பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறான், இவள் மட்டும் கிறிஸ்தவள். நிருபம் போன பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா எல்லாம் அன்று ரோம ஆட்சியில் இருந்த, இன்றைய துருக்கிப் பகுதிகள்.

அங்கே நல்ல மனைவி என்றால் யார்? கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் புதுமணத் தம்பதிக்கு எழுதிய அறிவுரை ஒன்று இருக்கிறது. மனைவிக்கென்று தனி நண்பர்கள் கூடாது. தெய்வங்களே முதல் நண்பர்கள் என்பதால், கணவனின் தெய்வங்களை மட்டுமே அவள் கும்பிட வேண்டும், வெளிச் சடங்குகளுக்குக் கதவைச் சாத்திவிட வேண்டும். அப்படிப் பார்த்தால் ஞானஸ்நானம் எடுத்த அன்றே இவள் அடங்காதவள். மற்றதில் எல்லாம் அடங்கிப் போ, இதில் மட்டும் அசையாதே என்றுதான் பேதுருவின் நிருபத்தை நான் படிக்கிறேன்.

அசையாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆதிக் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். 2ஆம் நூற்றாண்டின் நடுவில் ரோமில் நடந்தது. ஒருத்தி கணவனோடு சேர்ந்து குடியும் கூத்துமாக இருந்தவள், கிறிஸ்தவளானதும் திருந்தினாள். அவன் திருந்தவில்லை. பிரிந்துவிட நினைத்தாள். அவன் மாறுவான், பொறுத்திரு என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள் (எந்த ஊரில்தான் சொல்லவில்லை!). பொறுத்தாள். அவன் அலெக்சாந்திரியாவுக்குப் போய் இன்னும் மோசமானான் என்று செய்தி வந்தது. விவாகரத்து ஓலையைக் கொடுத்துவிட்டாள். அவன் உடனே, இவள் கிறிஸ்தவள் என்று புகார் கொடுத்தான். அவள் சளைக்கவில்லை. சொத்து விவகாரங்களை முடித்துவிட்டு வழக்கைச் சந்திக்கிறேன் என்று பேரரசருக்கே மனுப்போட்டு அவகாசம் வாங்கினாள். அவளைத் தொட முடியாத ஆத்திரத்தில் அவளுக்குப் போதித்த தொலெமேயு என்பவரைப் பிடித்துக்கொடுத்தான். நகரத் தலைவன் உர்பிக்குஸ் கேட்டது ஒரே கேள்வி: நீ கிறிஸ்தவனா? ஆம் என்றார், மரண தண்டனை. இது என்ன நியாயம் என்று அங்கேயே கேட்ட லூக்கியுஸுக்கும் அதே தண்டனை. அந்தப் பெண் என்ன ஆனாள் என்று ஜஸ்டின் சொல்லவில்லை. பெயரைக்கூடச் சொல்லவில்லை.

உங்கள் பிரசங்கியார் முன்னால் நிற்கும் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே சபை. அங்கே ஆபத்து என்று பேசினால் மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பார்கள், அதுதான் நிறுத்திவிடுகிறார்.

ஆனால் நிருபத்தை நான் வெள்ளையடிக்க வரவில்லை. இந்த அறிவுரைக்குச் சற்று முன்னால்தான், முரட்டு எஜமான்களுக்கும் கீழ்ப்படியுங்கள் என்று வேலைக்காரர்களுக்குச் சொல்கிறது. அந்த வரிசையிலேதான் மனைவியும் வருகிறாள். அது பின்னால் எங்கே போய் நின்றது என்பதை, பழைய திருச்சபையின் பெரிய சிந்தனையாளரான அகஸ்டின் தன் தாய் மோனிக்காவைப் பற்றி எழுதியதில் பார்க்கலாம். கணவனிடம் அடிபட்டு முகம் வீங்கி வந்த பெண்களிடம், கல்யாண ஒப்பந்தம் வாசித்த அன்றே நீங்கள் அடிமைகள், எஜமானை எதிர்க்காதீர்கள் என்று விளையாட்டுப் போல அவள் சொல்வாளாம். அதே மோனிக்கா 386இல் மிலானில், பேரரசி யுஸ்தினா ஆயர் அம்புரோசை நெருக்கியபோது, அவரோடு சாகத் தயாராகக் கோவிலுக்குள் விழித்திருந்த கூட்டத்தில் முன்னால் நின்றாள். அகஸ்டின் இரண்டையும் பெருமையாகத்தான் எழுதுகிறார். முதலாவதில் பெருமைப்பட எனக்கு ஒன்றும் தெரியவில்லை.